கயிற்றை மரத்தில் கட்டாதீர்கள்: மிடி கால்வாயில் படகெடுக்கும் தமிழர்களுக்கு ஒரு திறந்த மடல்

பிரான்ஸில் கோடைச் சுற்றுலாக்களை ஒழுங்குசெய்யும் தமிழ்ச் சங்கங்களுக்கும், ஜூலை, ஆகஸ்ட் விடுமுறையில் குடும்பத்தோடு மோட்டார் படகெடுத்து மிடி கால்வாயில் போகவிருக்கும் அன்பர்களுக்கும்,

வணக்கம்.

தென் பிரான்ஸில், மிடி கால்வாய் மத்தியதரைக் கடலை நோக்கிப் புறப்படும் துலூஸ் நகரில் வாழ்கிறேன். கால்வாய்க் கரையில் நடப்பது என் மாலைப் பழக்கம். கோடையில் குடும்பத்தோடு படகிலும் போவதுண்டு. சில ஆண்டுகளாக நம்மவர்களின் படகுகளை அந்த நீரில் அடிக்கடி பார்க்கிறேன். கார்க்கசோனிலும் காஸ்தெல்நோதரியிலும் கரையோரம் தமிழ் காதில் விழும்போது நின்று பேசாமல் போக மனம் வருவதில்லை. வாடகைப் படகை ஓட்ட இந்த நாட்டில் உரிமம் தேவையில்லை. நிறுவனத்தார் சிறிது நேரம் சொல்லிக் கொடுத்து, தற்காலிகச் சான்று ஒன்றை எழுதித் தந்து, சாவியைக் கையில் வைத்துவிடுகிறார்கள். பாரிஸிலும் அதன் புறநகரிலும் ஆண்டு முழுவதும் இரண்டு வேலை பார்க்கும் குடும்பங்கள், பாட்டி முதல் பேரப்பிள்ளை வரை ஒரே கூரையின் கீழ் ஒரு வாரம் மிதந்து போகிறார்கள். அந்த மகிழ்ச்சியைக் குறைப்பதற்காக இதை எழுதவில்லை. வாருங்கள். நிறையப் பேர் வாருங்கள்.

ஆனால் வருகிற ஒவ்வொருவரிடமும் கேட்க எனக்கு ஒரு வேண்டுகோள் இருக்கிறது. கரையில் வரிசையாக நிற்கும் பிளாத்தான் (ஆங்கிலத்தில் plane) மரங்களை உங்கள் கயிறும் உங்கள் படகின் முனையும் தொடக் கூடாது. அப்படித் தொடாமல் போவதற்கு வேண்டிய நேரத்தை, புறப்படும் முன்பே உங்கள் பயணத் திட்டத்தில் ஒதுக்கி வையுங்கள். இவ்வளவுதான் கேட்கிறேன். ஏன் கேட்கிறேன் என்பதைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

இந்தக் கால்வாயின் படம் எந்த நாட்காட்டியில் வந்தாலும் அதில் நீரை விட மரம்தான் அதிகம் தெரியும். இரு கரையிலும் வரிசையாக உயர்ந்து, மேலே கிளை கோத்து, நடுப்பகலிலும் நீரின் மேல் பச்சை வெளிச்சத்தை விரிக்கும் மரங்கள். அவை கால்வாயோடு பிறந்தவை அல்ல. வெட்டிய காலத்தில் கரையைப் பிடித்து வைக்க வில்லோ போன்ற மரங்களை நட்டார்கள். பிறகு பட்டுப்புழுவுக்காக முசுக்கொட்டை மரங்கள் வந்தன. பிளாத்தான்கள் பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டில் நடப்பட்டவை. மொத்தம் ஏறத்தாழ 42,000 மரங்கள். நம் ஊர் நெடுஞ்சாலைகளில் புளியமரங்கள் நின்ற காலத்தைப் பார்த்தவர்களுக்கு இந்த வரிசை என்னவென்று நான் விளக்க வேண்டியதில்லை. நான்கு வழிச்சாலைக்காக அவை வீழ்ந்தபோது நாம் இழந்தது என்ன என்பதும் நமக்குத் தெரியும்.

2006இல் கார்க்கசோனுக்கு அருகேயுள்ள வில்துபேர் என்ற இடத்தில் இந்தக் கால்வாயின் முதல் நோயுற்ற மரத்தைக் கண்டுபிடித்தார்கள். நோய்க்குக் காரணம் ஒரு பூஞ்சை. செரட்டோசிஸ்டிஸ் பிளாத்தானி என்பது அதன் பெயர். இரண்டாம் உலகப் போரின் இறுதியில், 1944ஐ ஒட்டி, அமெரிக்கப் படையினர் மார்செய் துறைமுகத்தில் இறக்கிய வெடிமருந்துப் பெட்டிகளின் பலகைகளோடு அது பிரான்ஸுக்குள் வந்தது என்று அறிஞர்கள் சொல்கிறார்கள். போர் முடிந்து அறுபது ஆண்டுகள் கழித்து, ஒரு குண்டு கூட விழாத கரையில் அது மரங்களைக் கொல்லத் தொடங்கியது.

எப்படிக் கொல்கிறது என்று தெரிந்துகொண்டால் கயிறு ஏன் இவ்வளவு பெரிய விஷயம் என்பது விளங்கும். இந்தப் பூஞ்சை பழுதில்லாத பட்டை வழியாக நுழையாது. அதற்கு ஒரு காயம் வேண்டும். பட்டையில் ஓர் உரசல், வேரில் ஒரு சிராய்ப்பு, ஆணி அடித்த ஒரு துளை போதும். உள்ளே போனதும் மரம் நீரை மேலே ஏற்றும் குழாய்களை அடைத்துக்கொண்டே பரவுகிறது. ஒரு கோடையில் உச்சிக் கிளை ஒன்றில் இலை சிறுத்து மஞ்சளாகும். அடிமரத்தில் தீ நாக்கு போல ஊதாவும் பழுப்புமாக ஒரு கறை மேலேறும். சில ஆண்டுகளுக்குள், நூற்றைம்பது வயது மரம் நின்ற நிலையில் காய்ந்துவிடும். மருந்து இல்லை. இதுவரை எவரும் ஒரு நோயுற்ற பிளாத்தானைக் குணப்படுத்தியதில்லை.

இனி படகுக்கு வருகிறேன். பிளாத்தான் வேர்கள் கரையைத் துளைத்து நீருக்குள் நீண்டிருக்கின்றன. கரையோரம் பார்த்தால் செந்நிற நார்க் கற்றைகளாகத் தெரியும். எதிரே வரும் படகுக்கு வழிவிட ஒதுங்கும்போது நம் படகின் வயிறு அந்த வேர்களைத் தேய்க்கிறது. அது ஒரு காயம். பூஞ்சையின் வித்துகள் நீரில் மிதந்து வருகின்றன. காயம் அவற்றுக்கு வாசலாகிறது. மாலையில் ஒதுங்குகிறோம். கட்ட ஒரு முளையும் கண்ணில் படவில்லை, ஆனால் கைக்கெட்டும் தூரத்தில் ஒரு பருத்த மரம் நிற்கிறது. கயிற்றைச் சுற்றிக் கட்டுகிறோம். இரவு முழுவதும் படகு அசைய அசையக் கயிறு பட்டையை அறுக்கிறது. அது நோயுற்ற மரமாக இருந்தால் பட்டைத் துகளும் வித்துகளும் கயிற்றில் ஒட்டிக்கொள்ளும். அடுத்த நாள் இருபது கிலோமீட்டர் தள்ளி, நோயில்லாத இன்னொரு மரத்தில் அதே கயிற்றைக் கட்டுகிறோம். காற்றும் நீரும் செய்ய ஆண்டுகள் எடுத்துக்கொள்ளும் வேலையை நம் கயிறு ஒரே நாளில் முடித்துவிடுகிறது. மரத்தில் படகைக் கட்டக் கூடாது என்பது இங்கே சட்டம். சட்டத்தை மீறினால் அபராதம் என்பதற்காக நான் இதைச் சொல்லவில்லை. அபராதம் மரத்தைத் திரும்பத் தராது.

நம்மவர்களுக்கென்று தனியாக ஒன்று சொல்ல வேண்டும். கரையில் இறங்கிச் சமைத்துச் சாப்பிட்ட பிறகு, கைக்குழந்தைக்கு ஒரு சேலையை எடுத்து மரக்கிளையில் தூளி கட்டுவதும், பெரிய பிள்ளைகளுக்குக் கயிற்றில் ஊஞ்சல் போடுவதும் நம் வழக்கம். அதைப் பார்க்கையில் எனக்கும் மனம் நெகிழ்கிறது. என் அம்மாவும் அப்படித்தான் செய்திருப்பார். ஆனால் இந்த மரத்தில் வேண்டாம். பிறந்தநாள் தோரணத்துக்காக அடிமரத்தில் ஆணி அடிப்பது அதைவிடக் கேடு. அடுப்பைப் படகிலேயே வைத்துக்கொள்ளுங்கள். காய்ந்த தெற்கில் ஒரு பொறி என்ன செய்யும் என்பதை ஒவ்வொரு கோடையும் செய்திகளில் பார்க்கிறோம்.

நோய் கண்ட மரத்தை மட்டும் வெட்டினால் போதாது. பக்கத்து மரங்களின் வேர்கள் மண்ணுக்கடியில் ஒன்றோடொன்று ஒட்டிப் பிணைந்திருப்பதால், பார்வைக்கு நலமாக நிற்கும் அண்டை மரங்களையும் சேர்த்தே வெட்டுகிறார்கள். வெட்டிய மரத்தை எரிக்கிறார்கள். கால்வாயை நிர்வகிக்கும் வி.என்.எஃப். என்ற பிரெஞ்சு நீர்வழி நிறுவனத்தை இதற்காகத் திட்டாத ஆளில்லை. துலூஸில் ஒரு தமிழ்க் கடையில் நின்றபடி, "நல்ல மரத்தை ஏன் வெட்டுகிறார்கள், காண்டிராக்ட்காரனுக்குக் காசு போகிறது" என்று ஒரு பெரியவர் கொதித்ததை நானே கேட்டேன். அவருடைய கோபத்தில் ஒரு நேர்மை இருக்கிறது. ஆனால் வெட்டாமல் விட்ட வரிசை என்ன ஆகும் என்பதையும் பார்க்க வேண்டும். 2006இலிருந்து இதுவரை ஏறத்தாழ 30,000 மரங்கள் போய்விட்டன. த்ரேப் ஊரைச் சுற்றி ஒரு காலத்தில் குகை போல இருந்த நீர்ப்பாதையில் இப்போது வெயில் நேராக இறங்குகிறது. இடையிடையே இடுப்பளவுக்கு, ஆளுயரத்துக்கு, இளங்கன்றுகள் முட்டுக்கொடுத்து நிற்கின்றன. ஒரே இனத்தை நட்டால் ஒரே நோய் எல்லாவற்றையும் கொண்டுபோகும் என்பதைப் பாடமாக எடுத்துக்கொண்டு, துருக்கி ஓக்கை முதன்மையாக வைத்து லிண்டன், வெண்பாப்லர் என்று பல இனங்களைக் கலந்து நடுகிறார்கள். அவை கிளை கோத்து நீரை மூட இன்னும் ஒரு தலைமுறை ஆகும். அதுவரை நமக்கு மீதமிருப்பவை இப்போது நிற்கும் பிளாத்தான்கள்தான்.

நிழல் போனால் அழகு மட்டும் போவதில்லை. அந்த வேர்கள்தான் களிமண் கரையைத் தாங்கிப் பிடித்திருக்கின்றன. நிழல் நீரைக் குளிர்ச்சியாக வைக்கிறது, ஆவியாவதைக் குறைக்கிறது. கோடையில் இந்தக் கால்வாய்க்கு நீர் எளிதாகக் கிடைப்பதில்லை. அதைச் சற்று விளக்குகிறேன், ஏனென்றால் ஏரியும் வாய்க்காலும் கட்டி வாழ்ந்த மக்களின் வழிவந்த நமக்கு இது மற்ற எந்தச் சுற்றுலாப் பயணியை விடவும் நன்றாகப் புரியும்.

துலூஸிலிருந்து கிழக்கே போகும் படகு மேடேறிப் போகிறது. நோரூஸ் என்ற இடத்தில் கடல்மட்டத்திலிருந்து 189 மீட்டர் உயரத்தை அடைந்து, பிறகு மத்தியதரைக் கடலை நோக்கி இறங்குகிறது. அந்த உச்சிக்கு மேற்கே விழும் மழை அட்லாண்டிக்குக்குப் போகும்; கிழக்கே விழுவது மத்தியதரைக் கடலுக்குப் போகும். மேட்டில் ஓடும் கால்வாய்க்கு மேட்டுக்கு மேலிருந்துதான் நீர் வர வேண்டும். இப்படியொரு கால்வாயை முன்பு வெட்ட நினைத்த பலர் இந்தக் கணக்கில்தான் தோற்றார்கள். இந்தக் கால்வாயைக் கட்டியவர், உப்பு வரி வசூலித்துப் பொருள் சேர்த்த பியேர் போல் ரிக்கே. அவர் கறுப்பு மலையின் ஓடைகளை ஒன்று சேர்த்து, மலைச்சரிவிலேயே ஊட்டுவாய்க்கால் வெட்டி, நீரை நோரூஸுக்குக் கொண்டுவந்தார். கோடைக்குச் சேமிக்க சேன் ஃபெர்ரேயோல் என்ற இடத்தில் 1667க்கும் 1672க்கும் இடையில் ஓர் அணை எழுந்தது. அந்த நூற்றாண்டில் ஐரோப்பாவில் அவ்வளவு பெரிய அணை அரிது. இன்றும் ஆகஸ்ட் மாதத்தில் நம் படகை மிதக்கவைப்பதில் அந்தத் தண்ணீருக்குப் பெரும் பங்கு உண்டு. படகை ஏற்றி இறக்குவதற்காக இரு முனையிலும் கதவு வைத்துக் கட்டிய அறையை இங்கே எக்லூஸ் என்கிறார்கள். இந்தப் படகு மதகு ஒவ்வொரு முறை திறக்கும்போதும் ஒரு அறை நிறைய நீர் கீழே போகிறது. ஆகவே மதகுக் காவலர் "இன்னும் இரண்டு படகு வரட்டும், சேர்த்து விடுகிறேன்" என்று உங்களைக் காக்க வைத்தால், அவர் உங்களை அலட்சியப்படுத்துவதாக எண்ணாதீர்கள். பின்னால் வருகிறவர்களுக்கும் வயலுக்கும் அவர் நீரை மிச்சம் பிடிக்கிறார். முறை வைத்து மடை திறக்கும் நீர்ப்பாய்ச்சியின் பேச்சை நம் முன்னோர் மதித்தார்கள். இங்கேயும் மதிக்கலாம்.

இந்தக் கால்வாயின் வரலாற்றை வழிகாட்டிகள் ரிக்கேயின் வரலாறாகவே சொல்கிறார்கள். 1666 அக்டோபரில் பதினான்காம் லூயி மன்னரின் ஆணை, பிறகு வேலை, 1680 அக்டோபரில் ரிக்கேயின் மரணம், அடுத்த ஆண்டு மே மாதம் திறப்பு. கட்டியவர் தன் கால்வாயில் படகு போவதைப் பார்க்கவில்லை. உருக்கமான கதைதான். ஆனால் எனக்கு அதைவிட மனதில் நிற்பது மண் சுமந்தவர்களின் கதை. உச்சக் கட்டத்தில் 12,000 பேர் வரை வேலை செய்தார்கள். அவர்களில் பெண்கள் நிறைய. கூடையில் மண் அள்ளிக் கரை கட்டியவர்கள். பிரெனே மலைப்பக்கத்துப் பெண்களுக்கு ஓடை நீரைத் திருப்பிக் கொண்டுபோகும் பட்டறிவு தலைமுறையாக இருந்தது என்றும், அந்த அறிவு இந்தக் கட்டுமானத்துக்குள் சேர்ந்திருக்கிறது என்றும் ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். ஆள் கிடைக்காமல் தவித்த ரிக்கே மாதச் சம்பளம் கொடுத்தார். மழை நாளுக்கும் ஞாயிறுக்கும் திருநாளுக்கும் கூலி பிடிக்கவில்லை, நோயில் விழுந்தவருக்கும் கொடுத்தார். 17ஆம் நூற்றாண்டில் இது கேள்விப்படாத ஏற்பாடு. நீங்கள் ஒரு திருப்பத்தில் வேகமாகப் போய் அலையால் கரையை அரிக்கும்போது, அந்தக் கூடை மண்தான் கரைந்து நீரில் விழுகிறது. இதை உங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். 1996இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது என்ற ஒரு வரியை விட இது அவர்கள் நினைவில் நிற்கும்.

வேகம்தான் அடுத்த தொல்லை. இங்கே பொதுவான வேக எல்லை மணிக்கு 8 கிலோமீட்டர். துறைகளிலும் குறுகிய இடங்களிலும் அதைவிடக் குறைக்க வேண்டும். இது படகு நிறுவனத்தார் சும்மா சொல்லும் எண் அல்ல. உங்கள் படகுக்குப் பின்னால் திரும்பிப் பாருங்கள்: அலை கரையில் மோதி வெண்ணுரை எழுந்தால், கரையோரச் சேறு கலங்கினால், அங்கே 8 கூட அதிகம் என்று பொருள். விசையைக் குறையுங்கள். எதிரே படகு வந்தால் இருவரும் குறைத்துக்கொண்டால் எவரும் வேரில் உரச வேண்டியதில்லை. மெதுவாகப் போகும் தட்டையடிப் படகு சுக்கானுக்கு உடனே கட்டுப்படாது, காற்றடித்தால் பக்கவாட்டில் நகரும். அதற்குப் பயந்து வேகம் கூட்டுகிறவர்கள்தான் கரையில் போய் முட்டுகிறார்கள். முதல் அரை நாள் பொறுமையாக இருந்தால் கை பழகிவிடும்.

சங்கங்களின் பொறுப்பாளர்களே, இந்த இடத்தில் உங்களிடம் நேராகப் பேசுகிறேன். நம்மவர்கள் அவசரப்படுவதற்குப் பெரும் காரணம் நீங்கள் போடும் திட்டம். வெள்ளி இரவு பாரிஸில் புறப்பட்டு, சனி காலை கார்க்கசோனில் படகேறி, ஞாயிறு மாலை பெஸியேவில் இறங்குவதாக ஓர் அறிவிப்பு என் கைக்கு வந்தது. அந்த இரண்டு ஊருக்கும் கால்வாய் வழியே ஏறத்தாழ 100 கிலோமீட்டர். மணிக்கு 8 கிலோமீட்டரில், வழி நெடுக மதகுகளில் நின்று, பல மதகுகள் மதிய உணவுக்கும் மூடி மாலை ஏழு மணியளவில் நாளை முடித்துக்கொள்ளும் நீர்வழியில், இரண்டு நாளில் அது நடக்கிற காரியமல்ல. நடத்த முயன்றால் என்ன ஆகும்? வேக எல்லை மீறப்படும். மதகு வாசலில் முந்திக்கொண்டு நுழைந்து மற்றவர்களோடு சண்டை வரும். இருட்டிய பிறகு ஒதுங்க இடம் தேடி, கண்ணில் பட்ட மரத்தில் கயிற்றைக் கட்டுவார்கள். மரத்தில் விழும் அந்தக் கயிற்றின் முடிச்சு பாரிஸில் உங்கள் திட்டத்தாளிலேயே தொடங்கிவிடுகிறது.

இரண்டு நாள்தான் இருக்கிறது என்றால் அர்ழான் மதகுக்கும் பெஸியேவுக்கும் இடையிலுள்ள பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். கிட்டத்தட்ட 54 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு மதகு கூடக் கிடையாது. கால்வாய் ஒரே மட்டத்தில் குன்றுகளின் இடுப்பைச் சுற்றிச் சுற்றிப் போகிறது. அதில் பாதியைப் போய்த் திரும்பினாலும் நிறைவாக இருக்கும். ல சொமாய் என்ற சிற்றூரின் பழைய கல்பாலத்தடியில் தங்கலாம். காபெஸ்தான் பாலத்தின் கீழ் தலை குனிந்து நுழையலாம். உயரமான படகென்றால் முன்பே அளந்துகொள்ளுங்கள். மல்பாஸ் குன்றைத் துளைத்து 1679இல் வெட்டிய சுரங்கத்தின் வழியே, ஏறத்தாழ 165 மீட்டர், இருட்டில் விளக்கேற்றிக்கொண்டு போகலாம். படகு போவதற்காகக் கால்வாயில் வெட்டிய முதல் சுரங்கம் அதுதான் என்கிறார்கள். பெஸியேவை அடைந்ததும் எட்டு அறைகளும் ஒன்பது கதவுகளுமாகக் கட்டிய ஃபோன்செரான் மதகுப் படிக்கட்டில் படகுகள் ஒன்றன்கீழ் ஒன்றாக அறை அறையாக இறங்குவதைக் கரையில் நின்று பாருங்கள். படகோடு அதில் இறங்கியே ஆக வேண்டும் என்பதில்லை. என் பிள்ளைகளுக்கு இறங்கியதை விட நின்று பார்த்ததுதான் பிடித்திருந்தது.

மதகில் நடந்துகொள்ளும் முறையைப் படகு நிறுவனங்கள் அவசரத்தில் சரியாகச் சொல்லிக் கொடுப்பதில்லை. இந்தக் கால்வாயின் பழைய மதகுகள் முட்டை வடிவானவை. நேர்ச்சுவரோடு கட்டிய ஒன்று தொடக்கத்தில் இடிந்து விழுந்ததால், மண்ணின் அழுத்தத்தைத் தாங்குவதற்காக ரிக்கே சுவரை வெளியே வளைத்தார். ஆகவே படகைச் சுவரோடு ஒட்டி நிறுத்த முடியாது, நடு விலகும். மேலேறும்போது கயிறு பிடிக்க ஒருவர் மதகுக்கு முன்பே கரையில் இறங்கிக்கொள்ள வேண்டும். கயிற்றைத் தூணில் ஒரு சுற்றுச் சுற்றிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள், ஒருபோதும் முடிச்சுப் போடாதீர்கள். நீர் இறங்கும்போது முடிச்சிட்ட படகு கயிற்றில் தொங்கிவிடும். பிள்ளைகளுக்கு மிதவைச் சட்டை போடாமல் மதகுக்குள் நுழையாதீர்கள். நீந்தத் தெரியாத பெரியவர்களும் போட்டுக்கொள்ளட்டும். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

இரவில் ஒதுங்குவதற்கு உங்கள் படகிலேயே வழி இருக்கிறது. இரும்பு முளைகளும் சம்மட்டியும் வைத்திருப்பார்கள். படகை வாங்கும்போதே கேட்டுப் பார்த்து எடுத்துக்கொள்ளுங்கள். மரங்களுக்கு நடுவே இடைவெளி உள்ள இடத்தில், நீர்விளிம்பிலிருந்து சற்று உள்ளே தள்ளி, முனைக்கு ஒன்றும் பின்புறத்துக்கு ஒன்றுமாக, படகை விட்டு வெளியே சாய்ந்த நிலையில் முளையை அடியுங்கள். கயிறு கரைப்பாதையைக் குறுக்கே மறிக்கக் கூடாது. இருட்டில் மிதிவண்டிக்காரர் விழுவார். முளையின் தலையில் ஒரு வெள்ளைத் துணியைக் கட்டிவிடுங்கள். முடிந்தால் துறையிலேயே தங்குங்கள். கட்டணம் உண்டுதான், ஆனால் குடிநீரும் குளியலும் கிடைக்கும், வயதானவர்களுக்கு நல்ல உறக்கமும் கிடைக்கும்.

கழிவைப் பற்றியும் ஒரு சொல். பழைய வாடகைப் படகுகள் பலவற்றில் கழிவுத்தொட்டி இல்லை. கழிப்பறை நீர் நேராகக் கால்வாய்க்குப் போகிறது. பதிவு செய்யும்போது தொட்டியுள்ள படகைக் கேளுங்கள். பத்துப் பேர் கேட்டால் நிறுவனம் யோசிக்கும். நூறு பேர் கேட்டால் மாற்றும். சமையலில் மிஞ்சிய எண்ணெயைத் தயவுசெய்து நீரில் ஊற்றாதீர்கள்.

"எங்கள் ஒரு படகினால் என்ன ஆகிவிடப் போகிறது, நோய்தான் ஏற்கெனவே எங்கும் பரவிவிட்டதே" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். இன்னும் எல்லா இடத்துக்கும் போகவில்லை. நின்றுகொண்டிருக்கும் ஒவ்வொரு வரிசையும் இன்னும் சில கோடைகளைத் தாண்டினால், பக்கத்தில் நட்ட ஓக் கன்றுகள் அந்த நிழலில் வேரூன்றிக்கொள்ளும். பழையது சாய்வதற்கும் புதியது உயர்வதற்கும் இடையிலான காலத்தை நீட்டுவதே இன்று செய்யக்கூடியது. அதில் மருத்துவருக்கு வேலை இல்லை. கயிறு பிடிப்பவருக்குத்தான் வேலை.

சங்கங்களிடம் மூன்று காரியங்களை எதிர்பார்க்கிறேன். இந்த ஆண்டு அச்சிடும் சுற்றுலா அறிவிப்பில், பயணத் தொலைவை நாளொன்றுக்கு ஐந்து மணி நேர ஓட்டத்துக்கு மேல் போகாதபடி மாற்றுங்கள். படகேறும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் முளை அடிப்பது, மதகில் கயிறு பிடிப்பது, மரத்தைத் தொடாதிருப்பது பற்றித் தமிழில் ஒரு பக்கத் தாள் கொடுங்கள். பிரெஞ்சு விளக்கத்தைப் பாட்டிகளால் பின்தொடர முடியவில்லை, கயிறு பிடிக்க முதலில் எழுந்து வருபவர்களோ அவர்கள்தான். அடுத்து, மறுநடவுக்காக வி.என்.எஃப். பொதுமக்களிடமும் நிறுவனங்களிடமும் நன்கொடை பெறுகிறது. ஆண்டு விழா மேடை அலங்காரத்துக்கு ஒதுக்கும் தொகையில் ஒரு பங்கை அதற்குக் கொடுங்கள். பாண்டிச்சேரியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் வந்து இந்த மண்ணில் பிள்ளை பெற்று வாழ்கிறோம். இந்த மரங்களின் அடுத்த வரிசை வளர்ந்து நிற்கும்போது அதன் கீழ் படகோட்டுகிறவர்களில் நம் பேரப்பிள்ளைகளும் இருப்பார்கள்.

தாளுக்கான வாசகத்தை எழுதித் தர நான் ஆயத்தமாக இருக்கிறேன். துலூஸுக்கோ காஸ்தெல்நோதரிக்கோ வரும் குழுக்களுக்கு முளை அடிக்கவும் மதகில் கயிறு பிடிக்கவும் முதல் நாள் காலையில் உடனிருந்து காட்டித் தருகிறேன். ஜூன் மாதத்துக்குள் உங்கள் பயணத் தேதிகளைத் தெரிவித்தால் வசதியாக இருக்கும்.

அன்புடன்,
துலூஸிலிருந்து ஒரு கால்வாய்க்கரைவாசி